அஞ்சல் வழி வந்த நிரல்கள்

ஒரு கணினியின் ஆயுளும் அதற்கென எழுதப்பட்ட நிரல்களின் ஆயுளும் ஒன்றல்ல. உருவாக்கிய நிறுவனம் உற்பத்தியை நிறுத்திவிடலாம். கடைக்காரர் அதன் பெயரையே மறந்துவிடலாம். ஆனால் அதை வாங்கி வந்து, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு பிணைத்து, இரவெல்லாம் அதனோடு மல்லுக்கட்டிய மனிதர்கள் இருக்கும்வரை அதன் நிரல்களுக்கும் ஒரு வாழ்வு உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுக் கணினி நிரல்களை இன்று ஒரே சொடுக்கில் இறக்கிக்கொள்கிறோம். அவை எந்த வழியில், யார் கைகளைக் கடந்து நம்மிடம் வந்தன என்று கேட்பதில்லை. அவற்றுள் கணிசமானவை, இன்று நாம் அற்பமாகக் கருதும் ஒரு வழியில் பயணம் செய்தவை. அது மின்னஞ்சல். இணைப்பாக அல்ல, வெறும் எழுத்துகளாக, துண்டு துண்டாக அவை அனுப்பப்பட்டன. அந்தப் பயணத்தின் வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

கைவிடப்பட்ட கணினிகள்

1977ஆம் ஆண்டு ஆப்பிள் 2, டி.ஆர்.எஸ்-80, கமோடோர் பெட் ஆகிய மூன்றும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 1979இல் அட்டாரியும், 1981 இறுதியில் பிரிட்டனில் பிபிசி மைக்ரோவும், 1982இல் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரமும் கமோடோர் 64-உம் தொடர்ந்தன. கமோடோர் 64 என்ற பெயரிலுள்ள எண் அதன் நினைவகத்தின் அளவு: 64 கிலோபைட். நிரல்கள் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாக்களிலும் நெகிழ்வட்டுகளிலும் பதிந்து வைக்கப்பட்டன. 1984இல் இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்விக்கென ‘கிளாஸ்’ திட்டம் தொடங்கப்பட்டபோது அதில் பயன்பட்டதும் இந்தப் பிபிசி மைக்ரோதான்.

இந்தச் சந்தை எழுந்த வேகத்திலேயே சரியவும் செய்தது. விலைப்போரில் பெரும் நட்டமடைந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், தன் டிஐ-99/4ஏ கணினியைக் கைவிடுவதாக 1983 அக்டோபரில் அறிவித்தது. அதை வாங்கி வைத்திருந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். புதிய நிரல்கள் வராது, பழுது பார்க்க ஆளில்லை. இத்தகைய கணினிகளை ‘அநாதைகள்’ என்றே அந்நாளில் அழைத்தனர். காந்தப் பதிவோ காலத்தால் தேய்வது. ஒலிநாடா இழுபடும், வட்டில் பூஞ்சை படியும். நிறுவனம் கைவிட்ட ஒன்றைக் காப்பாற்ற, பயனர்கள் தமக்குள் படியெடுத்துப் பரிமாறிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒரே ஊரில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை சங்கமாகக் கூடி வட்டுகளை மாற்றிக்கொண்டனர். வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பவர் என்ன செய்வார்?

ஏன் அஞ்சல்?

தொலைவிலுள்ள கணினியிலிருந்து கோப்பை எடுக்கும் முறை அதற்கு முன்பே இருந்தது. எஃப்.டி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை 1971இலேயே எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர்களில் ஒருவர், அப்போது எம்.ஐ.டி.யில் இருந்தார். ஆனால் அந்த முறைக்கு இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். நடுவிலுள்ள பாதை முழுவதும் திறந்திருக்க வேண்டும். அத்தகைய பாதை, ஆர்ப்பாநெட் என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆய்வு வலையமைப்பிலும் அதன் வழிவந்த இணையத்திலும் இடம்பெற்ற நிறுவனங்களுக்கே வாய்த்தது.

வெளியே இருந்தவர்கள் தமக்கென வேறு வலையமைப்புகளைக் கட்டிக்கொண்டனர். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமும் யேல் பல்கலைக்கழகமும் 1981இல் ஒரு தொலைபேசிக் கம்பியால் இணைந்தபோது ‘பிட்நெட்’ பிறந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கு அருகிலுள்ள ஓர் உறுப்பினர் வரை கம்பிச் செலவை ஏற்க வேண்டும். தன் வழியே பிறருக்குப் போகும் மடல்களையும் கடத்திவிட வேண்டும். அண்டை வீட்டுக்காரன் கேட்டால் வழி விடுவது போன்ற ஓர் ஏற்பாடுதான். 1984இல் ஐரோப்பாவில் இதன் உடன்பிறப்பாக ‘எர்ன்’ தொடங்கியது. யூனிக்ஸ் கணினிகள் இரவில் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்து மடல் மாற்றிக்கொள்ளும் ‘யூயூசிபி’ முறை இன்னொரு பக்கம் இருந்தது. 1984இலேயே டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ‘ஃபைடோநெட்’ வீட்டுக் கணினிக்காரர்களையே இணைத்தது.

இவற்றின் மொழி வேறு, இலக்கணம் வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: மடல். மடலுக்கு முழுப் பாதையும் திறந்திருக்கத் தேவையில்லை. அடுத்த நிலையம் வரை போனால் போதும். அங்கே தங்கி, அடுத்த வண்டி வரும்போது ஏறிக்கொள்ளும். ஆகவே நிரல்களையும் மடலாக்கிவிட்டால் அவை எங்கும் போகும் என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது.

நூலகராக ஒரு நிரல்

1985இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஜாக் டொங்காராவும் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த எரிக் கிராஸும் ‘நெட்லிப்’ என்ற சேவையைத் தொடங்கினர். கணிதக் கணக்கீட்டுக்கான நிரல்களை அஞ்சல் வழியே தரும் சேவை அது. ‘அட்டவணை அனுப்புக’ என்று ஒரு வரி எழுதினால், மனிதர் எவரும் குறுக்கிடாமல் பதில் மடலில் அட்டவணை வந்து சேரும். (டொங்காராவுக்கு 2021ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது, கணிதப் பணிகளுக்காகத்தான்.) அடுத்த ஆண்டே பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தாமஸ், பிட்நெட்டுக்காக ‘லிஸ்ட்செர்வ்’ நிரலை எழுதினார். மடற்குழுக்களை நடத்துவதற்கென்றே அது இன்று நினைவுகூரப்படுகிறது. ஆனால் கோப்புகளை அடுக்கி வைத்து, கேட்டவருக்கு எடுத்துத் தரும் நூலகர் வேலையையும் அது செய்தது.

இந்த நூலகருக்கு எழுதும் முறை தனிக் கலையாக இருந்தது. முதலில் ‘ஹெல்ப்’ என்று ஒற்றைச் சொல் எழுதிக் கையேட்டைப் பெற வேண்டும். பிறகு ‘இண்டெக்ஸ்’ என்று எழுதிப் பட்டியலைப் பெற வேண்டும். பட்டியலைப் படித்து, பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு, ‘கெட்’ என்ற கட்டளையோடு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகும். பழக்கதோஷத்தில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கினால், அப்படியொரு கட்டளையைத் தான் அறியவில்லை என்று பொறி பதில் எழுதும். மடலின் அடியில் தானாகச் சேரும் பெயர், பதவி, முகவரி ஆகியவற்றையும் கட்டளைகளாகவே எண்ணி, வரிக்கு வரி குற்றம் சொல்லும். ஆகவே ‘இத்துடன் முடிந்தது’ எனப் பொருள்படும் ஒரு கட்டளையை இறுதியில் இடும் வழக்கம் சில சேவைகளில் வந்தது.

கேட்பவர் எஃப்.டி.பி. வசதி அற்றவராக இருந்தால், அவருக்குப் பதிலாகத் தானே போய்க் கோப்பை எடுத்து மடலில் அனுப்பும் இடைத்தரகர்களும் தோன்றினர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ‘பிட்எஃப்டிபி’ அவற்றுள் ஒன்று. டிஜிட்டல் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வகத்தில் பால் விக்ஸி எழுதிய ‘எஃப்டிபிமெயில்’ இன்னொன்று.

பொறிகள் செய்த பாடபேதம்

இங்கே ஒரு பெரும் தடை இருந்தது. மடல் என்பது எழுத்துகளுக்காக ஏற்பட்டது. நிரலோ எழுத்தல்ல, 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசை. அப்படியே மடலில் போட்டால் வழியிலுள்ள கணினிகள் அவற்றைத் தின்றுவிடும். 1980இல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய ‘யூயூஎன்கோட்’ இதற்கு வழி செய்தது. மூன்று பைட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் 24 பிட்டுகளை ஆறாறாக நான்கு பங்கிட்டு, ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எழுத்தையோ குறியையோ இடுவது அதன் வழி. வரிக்கு 45 பைட். வரியின் முதலெழுத்து அந்த வரியின் அளவைச் சொல்லும். முழு வரிகளுக்கெல்லாம் அது ‘எம்’ என்னும் எழுத்தாக அமைந்ததால், அத்தகைய மடலைத் திறந்தால் இடது ஓரம் முழுவதும் ‘எம்’ அணிவகுத்து நிற்கும். ஓரளவு பழகியவர்கள் அந்த அணிவகுப்பு எங்கே குலைகிறது என்று கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் தொல்லை அதோடு தீரவில்லை. பிட்நெட்டில் பெரும்பாலானவை ஐ.பி.எம். பெருங்கணினிகள். அவற்றின் எழுத்துக் குறிமுறை வேறு. ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ^ போன்ற சில குறிகள் வேறொன்றாகத் திரிந்தன. வரிக் கடைசியில் நின்ற வெற்றிடங்களைச் சில கணினிகள் தேவையற்றவை எனக் கருதி நீக்கின. வெற்றிடமும் அங்கே ஒரு எண்ணைக் குறிப்பது என்பதை அவை அறியா.

சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஏடு எழுதுவோர் தாம் அறியாத எழுத்தை அறிந்த எழுத்தாக மாற்றி எழுதுவதால் பாடபேதம் பிறக்கிறது. இங்கே ஏடெழுதியது பொறி. திரிபோ எப்போதும் ஒரே சீராக நிகழ்ந்தது. அதுவே மீட்பதற்கும் வழியானது. எந்தக் கணினியிலும் திரியாத எழுத்துகளை மட்டும் தேர்ந்து ‘எக்ஸ்எக்ஸ்என்கோட்’ என்ற மாற்றுமுறை உருவாயிற்று. பத்து இலக்கங்கள், ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள், சிறிய எழுத்துகள், + மற்றும் - ஆகிய 64 மட்டுமே அதில் உண்டு. வேறு சிலர் இன்னும் நுட்பமாகச் சிந்தித்தனர். தாம் பயன்படுத்தும் 64 குறிகளையும் மடலின் தலையிலேயே வரிசையாக எழுதி அனுப்பினர். வழியில் ஒரு குறி திரிந்தால் தலைப்பிலுள்ள பட்டியலிலும் அது திரிந்தே வரும். பெறுபவரின் நிரல் இரண்டையும் ஒப்பிட்டு மூல பாடத்தைக் கண்டுகொள்ளும்.

ஒரு வட்டின் எடை

இதன் பாரம் எவ்வளவு என்பதை ஓர் உதாரணத்தால் காணலாம். கமோடோர் 64-இன் வழக்கமான நெகிழ்வட்டில் 683 பகுதிகள். பகுதிக்கு 256 பைட். ஆக முழு வட்டின் படி 1,74,848 பைட். இதை யூயூஎன்கோட் செய்தால் 3,886 வரிகள், ஏறத்தாழ 2,41,000 எழுத்துகள். நொடிக்கு 2400 பிட் கடத்தும் மோடத்தில் இதைப் பெறச் சுமார் 17 நிமிடம் ஆகும்; 300 பிட் மோடத்தில் இரண்டேகால் மணி நேரம். தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

மடலின் நீளத்துக்கும் வரம்பு இருந்தது. எஃப்டிபிமெயில் சொல்லாமலே 64,000 எழுத்துகளுக்கு ஒரு துண்டாக வெட்டியது. அப்படியானால் நம் வட்டு நான்கு மடல்களாக வரும். முதலில் புறப்பட்டது முதலில் வந்து சேரும் என்ற உறுதி இல்லை. மூன்றாவது இன்று வரலாம்; முதலாவது நாளை மறுநாள் வரலாம். இரண்டாவது வராமலே போகலாம். துண்டுகளை எண்ணிச் சேகரித்து, தலைப்பு வரிகளை வெட்டி, வரிசைப்படுத்தி ஒட்டி, பிறகே அவிழ்க்க வேண்டும். அதனால்தான் அனுப்புமுன் சுருக்குவது அவசியமாயிற்று. ‘ஆர்க்’, பின்னர் 1989இல் ‘பிகேசிப்’ போன்ற சுருக்கும் நிரல்கள் அத்தனை வேகமாகப் பரவியதற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம்.

நம் இலக்கியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் துலங்குகிறது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எனினும் எஞ்சிய எட்டுப் பத்துகள் நமக்குப் பொருள் தருகின்றன. நிரலுக்கு அந்தப் பேறு இல்லை. நான்கில் ஒரு துண்டு தொலைந்தால் மற்ற மூன்றும் வெறும் குப்பை. ஆகவே படியெடுப்பவரின் கவனமே இங்கே நூலின் உயிர். மடலின் இறுதியில் சேர்க்கப்பட்ட சரிபார்ப்பு எண்களும், ‘4இல் 2’ என்று துண்டுதோறும் இட்ட குறிப்புகளும் அந்தக் கவனத்தின் அடையாளங்கள்.

காவலர்கள்

இத்தகைய காப்பகங்களுள் புகழ்பெற்றது ‘சிம்டெல்20’. நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்திலிருந்த ஒரு கணினியில் அது குடியிருந்தது. ஆஸ்போர்ன், கேப்ரோ முதலிய கணினிகளிலும், கூடுதல் அட்டை பொருத்திய ஆப்பிள் 2-இலும் ஓடிய சிபி/எம் இயக்கமுறைக்கான பொதுப்பயன் நிரல்கள் அதன் அடித்தளம். கொல்லும் ஆயுதங்களைச் சோதிக்கும் இடத்தில், பொழுதுபோக்காளர்கள் எழுதிய சிறு நிரல்களுக்கு இடம் கிடைத்தது வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. அதைப் பல ஆண்டுகள் பேணியவர் கீத் பீட்டர்சன். வரும் கோப்புகளைச் சரிபார்ப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுவது, புதியவற்றை அறிவிப்பது என்று நூலகருக்குரிய பணி அது.

ராணுவத் தளத்துக் கணினியை எல்லோரும் நேரடியாக அணுக முடியாது. ஆகவே வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் நியூயார்க் மாநிலத்து ரென்சலியர் கல்வி நிறுவனத்திலும் இருந்த லிஸ்ட்செர்வ்கள் அதன் கோப்புகளை மடல் வழி தந்தன. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் கம்பியோ மிகக் குறுகலானது. ஐரோப்பாவில் நூறு பேர் ஒரே கோப்பைக் கேட்டால் அது நூறு முறை கடலைக் கடக்க வேண்டும். இதைத் தவிர்க்கத் துருக்கியின் இஸ்மிர் நகரிலுள்ள எகே பல்கலைக்கழகத்தில் ‘ட்ரிக்கிள்’ உருவாயிற்று. சொட்டுச் சொட்டாக வடிவது என்பது பெயரின் பொருள். ஒரு கோப்பு ஒரு முறை வந்தால் தன்னிடம் ஒரு படியை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு அதிலிருந்தே தரும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இதன் கிளைகள் நிறுவப்பட்டு, தம்முள் பகிர்ந்துகொண்டன. செலவைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாடு, அறியாமலேயே இன்னொரு வேலையையும் செய்தது. ஒரே கோப்பு பல நாடுகளில் பல படிகளாகத் தங்கிற்று.

கேட்பவருக்கு எல்லாம் இலவசம். நடுவிலுள்ள எவரோ ஒருவர் தொலைபேசிக் கட்டணம் செலுத்தினார். குறிப்பாக யூயூசிபி வழியில், தமக்குத் தொடர்பே இல்லாத ஒருவரின் கோப்பைத் தம் செலவில் கடத்திய நிலையங்கள் உண்டு. அதனால்தான் அக்காலக் கையேடுகள் நிரலைவிட நாகரிகத்தைப் பற்றியே அதிகம் பேசின. தேவையானதை மட்டும் கேளுங்கள், அருகிலுள்ள காப்பகத்தை முதலில் நாடுங்கள், பெற்றதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நீங்களே படியெடுத்துக் கொடுங்கள் என்பன அவற்றின் சாரம். இந்தியாவில் 1986இல் தொடங்கிய ‘எர்நெட்’ திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. அங்கும் தொடக்க காலத்தில் தொலைபேசி வழி மடல் போக்குவரத்தே இருந்தது. பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் கிடைத்தது. மடல் மட்டுமே உடையவர்களின் உலகம் எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

எஞ்சியது

1992இல் ‘மைம்’ என்ற தரம் வந்து மடலோடு கோப்பை இணைப்பதை எளிதாக்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வலை பரவிற்று. பிட்நெட்டுக்கான ஆதரவு 1996இல் நிறுத்தப்பட்டது. சிம்டெல்20 அதற்கு முன்பே, 1993இல், மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குள் அதன் படிகள் ஓக்லாந்து பல்கலைக்கழகத்திலும் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் இருந்தன. வால்நட் கிரீக் நிறுவனம் அவற்றைக் குறுவட்டுகளாக அச்சிட்டு விற்றது. பின்னர் சிம்டெல் என்ற பெயரில் வலையில் நீடித்த தளமும் 2013இல் மறைந்தது. குறுவட்டுகளின் படிகள் இணைய ஆவணக் காப்பகத்தில் இன்றும் கிடைக்கின்றன. மூலக் காப்பகம் இரு முறை இறந்தும் உள்ளடக்கம் இறக்கவில்லை.

இதன் காரணத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்நிரல்களைக் காத்தது ராணுவத்தின் செல்வமன்று. பல்கலைக்கழகங்களின் தொலைநோக்கும் அன்று. பாதை குறுகலாக இருந்ததால் ஒவ்வொருவரும் தம்மிடம் ஒரு படி வைத்துக்கொள்ள நேர்ந்தது. அடுத்த முறை கேட்டால் கிடைக்குமோ என்ற ஐயமே காவலாயிற்று. இன்றோ எதையும் எந்நேரமும் பார்க்கலாம் என்ற உறுதியில் நாம் எதையும் எடுத்து வைப்பதில்லை. ஒரே ஓர் இடத்தில் இருக்கும் மூலத்தை லட்சம் பேர் பார்க்கிறோம். படி ஒன்றுகூட இல்லை. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, பலர் ஆர்வத்தோடு அமைத்திருந்த தமிழ்ப் பக்கங்களும் அதனோடு போயின. சில தன்னார்வலர்கள் இறுதி மாதங்களில் ஓடி ஓடிப் படியெடுத்தவை மட்டுமே தப்பின.

இணையத்தில் எழுதப்படும் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி இப்போது இதே நிலையில்தான் இருக்கிறது. ஒரு விளையாட்டு நிரலை நான்கு துண்டாக வாங்கி, எண்ணி, ஒட்டி, சரிபார்த்து, நண்பருக்கும் ஒரு படி கொடுத்த அந்தப் பெயர் தெரியாத பயனர்கள் தாம் காப்பகம் நடத்துவதாக நினைத்திருக்க மாட்டார்கள். தமக்குப் பிடித்த ஒன்று இன்னொரு இடத்திலும் இருக்கட்டும் என்று நினைத்தார்கள். நமக்குப் பிடித்த ஒரு கட்டுரையையோ கதையையோ நம் கணினியில் படியெடுத்து வைத்து, மற்றொருவருக்கும் அனுப்புவதற்கு இன்று 17 நிமிடம்கூட ஆகாது.